லப்டொப் பற்றரியைக் காட்டவில்லையா? பஸ் ஏறுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

சார்ஜரில் இருக்கும்வரை லப்டொப் நன்றாக வேலை செய்கிறது. வயரைக் கழற்றினால் அந்த நொடியே அணைந்துவிடுகிறது. திரையின் கீழ் மூலையில் பற்றரிப் படத்தின்மேல் ஒரு புள்ளடி. இப்படி நடந்தால் உடனே கடைக்குக் கிளம்பாதீர்கள். வன்னியில் அது சின்ன வேலை இல்லை. ஒட்டுசுட்டானிலோ விசுவமடுவிலோ இருப்பவர் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய்த் திரும்பினால் அன்றைய நாள் முடிந்தது. போன இடத்தில் "சாமான் கொழும்பில இருந்து வரவேணும், அடுத்த கிழமை வாங்கோ" என்றால் இன்னொரு நாளும் போய்விடும்.

ஒரு கடையில் பற்றரி பழுது என்பார்கள், அடுத்த கடையில் போர்ட், அதாவது உள்ளே இருக்கும் மதர்போர்ட், பழுது என்பார்கள். இரண்டையும் கேட்டு அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிழை சார்ஜரிலா, பற்றரியிலா, போர்ட்டிலா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துக்கொண்டு போனால், கடைக்காரர் சொல்வது சரியா என்று உங்களுக்கே விளங்கும். செலவில்லாத வேலைகளை முன்னுக்கு வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. பற்றரி தெரியவில்லையா, சார்ஜ் ஏறவில்லையா?

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. மூலையில் உள்ள பற்றரிப் படத்தை அழுத்திப் பாருங்கள். 'நோ பற்றரி இஸ் டிடெக்டட்' என்று வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். 'பிளக்ட் இன், நொட் சார்ஜிங்' என்று வந்தாலோ, 60 அல்லது 80 வீதத்தில் அசையாமல் நின்றாலோ, கணினிக்குப் பற்றரி தெரிகிறது. அது பெரும்பாலும் பழுதே இல்லை. லெனோவோ, ஏசுஸ் போன்றவற்றில் பற்றரியின் ஆயுளைக் காப்பதற்காகச் சார்ஜைப் பாதியில் நிறுத்தும் ஒரு அமைப்பு இருக்கிறது. லெனோவோ வான்டேஜ், மைஏசுஸ் செயலிகளுக்குள் போய் அதை அணைத்தால் சரி. இதற்காகப் புதிய பற்றரி வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

பற்றரி 'தெரிவது' எப்படி என்று கொஞ்சம் சொல்லவேண்டும். பற்றரிப் பெட்டிக்குள் செல்கள் மட்டும் இல்லை, ஒரு சின்னச் சுற்றுப் பலகையும் இருக்கிறது. எவ்வளவு சார்ஜ் மிச்சம், எவ்வளவு சூடு என்பதையெல்லாம் அது மெல்லிய கம்பிகள் வழியாக லப்டொப்புக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தொடர்பு அறுந்தால், உள்ளே சார்ஜ் நிறைந்திருந்தாலும் லப்டொப்பைப் பொறுத்தவரை பற்றரி இல்லை. தொடர்பு அறுவதற்கு நாலு காரணம்: இணைப்பில் அழுக்கு அல்லது தளர்வு, போர்ட்டில் உள்ள சிப் உறைந்துபோவது, செல்கள் அடியோடு வடிந்ததால் பற்றரியின் சுற்று தன்னைத்தானே பூட்டிக்கொள்வது, ஏதாவது ஒரு பக்கம் உண்மையாகவே எரிந்துபோவது. முதல் இரண்டும் வீட்டில் சரிவரக்கூடியவை.

2. வீங்கியிருந்தால் இதோடு நிறுத்துங்கள்

லப்டொப்பை அணைத்து ஒரு மட்டமான மேசையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பாட் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா? மூடியை மூடினால் இடைவெளி தெரிகிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் பற்றரி வீங்கியிருக்கிறது. இனிச் சார்ஜரில் போடவேண்டாம், அமத்தவேண்டாம், ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். லிதியம் பற்றரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். கழற்றக்கூடிய வகை என்றால் மெதுவாகக் கழற்றி, எரியக்கூடிய பொருட்கள் இல்லாத நிழலான இடத்தில் வையுங்கள். உள்ளே பூட்டிய வகை என்றால் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். இந்த ஒரு விடயத்துக்கு மட்டும் உடனே பஸ் ஏறலாம்.

எங்கள் பக்க வெக்கையும் இதற்கு ஒரு காரணம். தகரக் கூரைக்குக் கீழே, நூறு வீதச் சார்ஜோடு, நாள்முழுக்க வயரில் கிடக்கும் பற்றரி சீக்கிரம் கெட்டுப்போகும்.

3. சார்ஜரை ஒரு பார்வை

சார்ஜரால் பற்றரி முழுதாகத் தெரியாமல் போவது அரிது. ஆனாலும் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. சார்ஜர் ஒட்டியில் 'அவுட்புட்' என்று எழுதியிருக்கும் வோல்டேஜும் வாட்டும் லப்டொப்பின் அடியில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். 65 வாட் கேட்கும் லப்டொப்புக்கு 45 வாட் சார்ஜர் போட்டால் கணினி ஓடும், சார்ஜ் ஒழுங்காக ஏறாது. டெல், எச்பி சார்ஜர்களில் முனையின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜர் எது என்று லப்டொப் அறிவது அதன் வழியாகத்தான். அது வளைந்திருந்தாலோ ஒடிந்திருந்தாலோ, திரையில் எச்சரிக்கை காட்டிவிட்டுச் சார்ஜ் பண்ண மறுக்கும். பல முனைகளோடு விற்கும் 'யுனிவர்சல்' சார்ஜரை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

4. மிச்சக் கரண்டை வடியவிடுங்கள்

போர்ட்டில் உள்ள சிப் உறைந்துபோனால் லப்டொப்பை அணைத்துப் போடுவது மட்டும் போதாது. அணைத்த பிறகும் அந்தச் சிப்புக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதை முழுதாக நிறுத்தினால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

பற்றரி வெளியே கழரும் வகை என்றால்: லப்டொப்பை அணையுங்கள், சார்ஜரை எடுங்கள், பற்றரியைக் கழற்றுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி அமத்திப் பிடியுங்கள். பற்றரியைப் போடாமல் சார்ஜரை மட்டும் கொடுத்து ஒருமுறை இயக்கிவிட்டு அணையுங்கள். அப்புறம் பற்றரியைப் போட்டு இயக்குங்கள்.

பற்றரி உள்ளே பூட்டிய வகை என்றால்: சார்ஜரை எடுத்துவிட்டுப் பவர் பொத்தானை 30 விநாடி பிடியுங்கள். ஏசர், லெனோவோ திங்க்பாட் போன்ற சிலவற்றின் அடிப்பக்கத்தில் ஊசித்துளை ஒன்று இருக்கும், பக்கத்தில் சின்னப் பற்றரிப் படம் அல்லது வளைந்த அம்பு. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் நுழைத்து ஐந்து விநாடி அமத்துங்கள். சில நிமிடம் விட்டுச் சார்ஜரைக் கொடுத்துப் பாருங்கள். மைக் துளையும் அதே போலத்தான் இருக்கும். படம் இல்லாத துளைக்குள் ஊசியை விடவேண்டாம்.

மின்னல் அடித்த இரவுக்குப் பிறகோ, கரண்ட் போய்ப் போய் வந்த நாளிலோ தொடங்கிய பிரச்சினை என்றால் இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிட நல்ல வாய்ப்பு உண்டு.

5. விண்டோஸுக்கு முன் பயோஸ்

எல்லாரும் விண்டோஸுக்குள் போய் டிரைவரை (பற்றரியோடு பேச விண்டோஸ் பாவிக்கும் சின்ன மென்பொருளை) அழிப்பதில்தான் தொடங்குகிறார்கள். நான் பயோஸைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே ஓடுவது பயோஸ். அதற்கே பற்றரி தெரியவில்லை என்றால் விண்டோஸில் என்ன செய்தும் பலன் இல்லை. புதிதாக விண்டோஸ் அடிப்பதற்குக் காசு கேட்பவரிடமும் இதையே சொல்லலாம்.

லப்டொப்பை இயக்கியவுடன் டெல், ஏசர், ஏசுஸ் என்றால் எஃப் 2, எச்பி என்றால் எஃப் 10, திங்க்பாட் என்றால் எஃப் 1 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். டெல்லில் பற்றரி விவரம் நேராகவே இருக்கும். அங்கே இல்லாவிட்டால் சோதனைப் பகுதிக்குள் போகவேண்டும்: டெல்லில் எஃப் 12 தட்டி 'டயக்னொஸ்டிக்ஸ்', எச்பியில் இயக்கியவுடன் எஃப் 2. உள்ளே எதையும் மாற்றவேண்டாம். பற்றரி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். அந்தப் படம் கடையில் உங்களுக்குப் பெரிய துணை.

பயோஸில் பற்றரி தெரிகிறது, விண்டோஸில் தெரியவில்லை என்றால் 6க்குப் போங்கள். இரண்டிலும் இல்லை என்றால் நேராக 7.

ஒரு பொறி: 'பயோஸை அப்டேட் பண்ணினால் சரியாகும்' என்று யூடியூப்பில் சொல்வார்கள். பற்றரி இல்லாத லப்டொப்பில் அப்டேட் நடக்கும் நேரம் கரண்ட் போனால் போர்ட்டே செத்த மாதிரித்தான். பல லப்டொப்கள் பற்றரி இல்லாமல் அப்டேட் பண்ண விடுவதும் இல்லை. யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மின் கொடுக்கும் பெட்டி) இல்லாத வீட்டில் இதைத் தொடவே வேண்டாம்.

6. விண்டோஸில் செய்யக்கூடியது

ஸ்டார்ட் பொத்தானை வலப்பக்க மவுஸ் பொத்தானால் அழுத்தி 'டிவைஸ் மனேஜர்' திறவுங்கள். 'பற்றரிஸ்' என்பதற்குள் இரண்டு வரி இருக்கும். 'ஏசிபிஐ கம்பிளையன்ட் கொன்ட்ரோல் மெத்தட் பற்றரி' என்று முடியும் வரியை மட்டும் 'அன்இன்ஸ்டோல்' பண்ணுங்கள். 'ஏசி அடப்டர்' என்ற வரியை விட்டுவிடுங்கள். லப்டொப்பை அணைத்து, 4இல் சொன்னதை மறுபடியும் செய்துவிட்டு இயக்கினால் விண்டோஸ் அந்த டிரைவரைத் தானாகவே திரும்பப் போட்டுக்கொள்ளும். இணையம் தேவையில்லை. டிரைவர் இறக்கித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருட்கள் எதையும் போடாதீர்கள்.

பற்றரி திரும்பத் தெரிந்தால் அதன் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். கொமாண்ட் புரொம்ப்ட் என்ற விண்டோஸின் கட்டளைப் பெட்டியில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, சரிகோடு, அதோடு ஒட்டி 'பற்றரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கையைச் சேமித்து, அது எந்த இடத்தில் இருக்கிறது என்றும் காட்டும். அதில் 'டிசைன் கபாசிட்டி' (புதிதில் இருந்த கொள்ளளவு), 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி' (இப்போது ஏறும் அளவு) என்று இரண்டு எண். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் பற்றரி தன் காலத்தை முடிக்கிறது. இப்போது தெரிந்தாலும் திரும்ப மறையும். காசைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

7. இணைப்பைத் துடைத்துத் திரும்பப் பூட்டுதல்

வாறண்டி இருக்கும் லப்டொப்பைத் திறக்கவேண்டாம். ஸ்குரூ மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் அதையே சாட்டாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்களுடையது அப்படி என்றால் 8க்குப் போங்கள்.

வெளியே கழரும் பற்றரி என்றால் எளிது. பற்றரியிலும் லப்டொப்பிலும் உள்ள செப்பு நிறப் பற்களைப் பாருங்கள். கிரவல் ரோட்டுப் புழுதி, மாரியில் வரும் பச்சைக் களிம்பு, உள்ளே குடியேறிய எறும்பு, எல்லாம் கண்டிருக்கிறேன். பற்றரிப் பக்கத்துப் பற்களைச் சுத்தமான பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். லப்டொப் பக்கத்தை ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய், தண்ணீர், சென்ட் எதுவும் வேண்டாம்.

உள்ளே இருக்கும் பற்றரி என்றால் கைப்பழக்கம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரை எடுத்து, அணைத்த பிறகு அடிமூடியின் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். நீளமும் கட்டையும் கலந்திருக்கும். ஒரு கடதாசியில் லப்டொப்பின் வடிவத்தைக் கீறி, ஒவ்வொரு ஸ்குரூவையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்குரூவைக் கட்டையானதன் இடத்தில் முறுக்கினால் போர்ட்டிலேயே ஓட்டை விழும். பற்றரியிலிருந்து போர்ட்டுக்குப் போகும் வயரின் முனையைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் தலையின் இரண்டு பக்கத்தையும் நகத்தால் தள்ளி எடுங்கள். கழற்றி வைத்துவிட்டுப் பவர் பொத்தானை 30 விநாடி பிடித்து, திரும்ப அழுத்திப் பூட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் தோளில் தொங்கிக் குலுங்கி வரும் லப்டொப்களில் இந்த முனை தளர்ந்திருப்பது புதுமை இல்லை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பற்றரிப் பற்களில் அளந்து பூச்சியம் வந்தால் பற்றரி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல பற்றரிகள் லப்டொப்பில் பூட்டப்பட்டதாக உணர்ந்த பிறகுதான் மின்னை வெளியே விடும்.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. அதே மொடல் லப்டொப் வைத்திருக்கும் நண்பரின் பற்றரியை உங்களுடையதில் போட்டுப் பாருங்கள். தெரிந்தால் உங்கள் பற்றரிதான் பழுது. அதுவும் தெரியவில்லை என்றால் போர்ட். அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு இது சுலபம், ஒரு வகுப்பில் ஒரே மொடல் நாலு பேரிடமாவது இருக்கும்.

8. கடைக்குப் போகும் நாள்

பையில் இவை இருக்கட்டும்: வாங்கிய பில், வாறண்டி அட்டை, சார்ஜர், நீங்கள் எடுத்த பயோஸ் படம், லப்டொப்பின் அடியில் உள்ள சீரியல் இலக்கத்தின் படம். டெல் என்றால் அது ஏழு எழுத்துள்ள 'சேவிஸ் டாக்'. சீரியல் இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அடித்தால் வாறண்டி எந்தத் திகதிவரை என்று காட்டும். அட்டையைக் கறையான் தின்றிருந்தாலும் இது உதவும். வாறண்டி இரண்டு வருடம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பற்றரிக்கும் சார்ஜருக்கும் தனியாகக் குறைந்த காலம் போட்டிருப்பார்கள். சின்ன எழுத்தை வாசியுங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த லப்டொப்புக்கு இங்குள்ள முகவர் வாறண்டி தருவார் என்று நம்பிப் போகாதீர்கள். சீரியல் இலக்கத்தைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

முதல் நாளே கோப்புகளைப் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பிரதி எடுத்துவிடுங்கள். சார்ஜரில் லப்டொப் ஓடும் இப்போதே அது சுலபம்.

கடையில் மூன்று கேள்வி: பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, திருத்தாமல் திரும்ப எடுத்தாலும் அந்தக் காசு உண்டா, எத்தனை நாள்? பதிலை விட்டுப்போகும் துண்டிலேயே எழுதச் சொல்லுங்கள். சீரியல் இலக்கமும், ரம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்பதும் அந்தத் துண்டில் வரவேண்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

'போர்ட் மாத்தவேணும்' என்றால், சார்ஜிங் ஐசியோ (சார்ஜ் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் சிப்) பற்றரி முனையோ மட்டும் மாற்ற முடியாதா என்று கேளுங்கள். போர்ட் முழுவதையும் மாற்றுவது பல நேரம் பழைய லப்டொப்பின் பெறுமதியையே தாண்டிவிடும். ஐசி வேலை செய்யும் ஆட்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கிடைப்பார்கள், கொழும்புக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடுவதானால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம். அதுவும் கட்டுப்படியாகாது என்றால், மேசையில் வைத்துச் சார்ஜரிலேயே பாவிப்பது ஒன்றும் குற்றமில்லை. ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டினாலே எழுதிய அசைன்மென்ட் போய்விடும்.

9. புதிய பற்றரி வாங்குவது

லப்டொப்பின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வரும் லப்டொப்பில் இரண்டு மூன்று வகைப் பற்றரி போட்டிருப்பார்கள். பழைய பற்றரியின் ஒட்டியில் உள்ள பாகக் குறியீட்டைப் பாருங்கள். எச்பி லப்டொப் பலவற்றில் எச்டி03எக்ஸ்எல் என்று இருக்கும், டெல்லில் எம்5வை1கே போல. அந்தக் குறியீட்டின் படத்தை வட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பி, இருக்கிறது என்ற பதிலும் விலையும் வந்த பிறகு பஸ் ஏறுங்கள்.

வோல்டேஜும் ஒத்துப்போக வேண்டும். 11.1, 11.4 வோல்ட் என்பது ஏறத்தாழ ஒரே வகை, மூன்று செல்கள் வரிசையில். 14.8 என்றால் நாலு செல், அது வேறு. கொள்ளளவை 'எம்ஏஎச்' எண்ணை வைத்து ஒப்பிடவேண்டாம், 'வாட்அவர்' எண்ணைப் பாருங்கள். ஒரே அளவுள்ள பெட்டியில் பழையது 41 வாட்அவர், புதியது 70 என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தை நம்பாதீர்கள்.

நான் விசாரித்தபோது சாதாரண மொடல்களுக்குக் 'கொம்பட்டிபிள்' (வேறு நிறுவனம் செய்த, பொருந்தக்கூடிய) பற்றரி 8,000 முதல் 15,000 ரூபாவரை சொன்னார்கள். ஒரிஜினல் அதைவிட நன்றாகவே கூட. டொலரோடு ஏறி இறங்கும் விலை என்பதால் ஒரு கிழமைக்கு முன் கேட்டதை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்க முடியாது. கொம்பட்டிபிள் என்பதற்காக ஒதுக்கவேண்டியதில்லை, ஆறு மாதமாவது வாறண்டி எழுதித் தருகிறாரா என்பதைப் பாருங்கள். ஆனால் திங்க்பாட்காரர்கள் கவனம்: எக்ஸ்230, டி430 காலத்திலிருந்து வந்த பலவற்றில் லெனோவோவின் பற்றரி இல்லை என்றால் சார்ஜ் ஏற்ற மறுக்கும். போட்டதும் தெரியும், ஏறாது.

பேஸ்புக்கில் விற்பவரிடம் கூரியரில் எடுத்தால், பொதியைத் திறக்கும்போதே வீடியோ எடுங்கள். கூடுமானவரை லப்டொப்பையே கொண்டுபோய்க் கடையில் போட்டுப் பார்த்து, பயோஸில் பற்றரி தெரிந்த பிறகு காசைக் கொடுங்கள். பில் கட்டாயம். பில் இருந்தால், பிரச்சினை வந்து கடைக்காரர் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம். எழுத்தில் முறையிடுவதானால் வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்வதானால், தனியான லிதியம் பற்றரியைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், 100 வாட்அவர் வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை. லப்டொப் பற்றரிகள் பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான். முனைகளை டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். தபாலில் போடச் சொல்லவேண்டாம், வழியிலேயே தடுத்துவிடுவார்கள்.

10. போட்ட பிறகு

முதல் நாளே பற்றரி அறிக்கையை எடுத்து, 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி' எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா, 'சைக்கிள் கவுண்ட்' (எத்தனை தடவை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியது என்ற எண்ணிக்கை) சின்ன எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது பழைய பற்றரி, புது ஒட்டி. அன்றே திருப்பிக் கொடுங்கள். எண்ணே காட்டாத மொடலும் உண்டு, அப்போது கபாசிட்டியை மட்டும் வைத்து முடிவு செய்யலாம்.

கரண்ட் போனால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி, வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள். திரும்பி வரும் அந்த நேரத்து ஏற்றம்தான் சார்ஜிங் ஐசியைத் தின்னும். ஐப்பசி மின்னல் காலத்திலும் இதே கதைதான். மாதக் கணக்கில் பாவிக்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜோடு வையுங்கள். பூச்சியத்தில் வைத்தால் செல்கள் அடியோடு வடிந்து, பற்றரி மறுபடியும் 'தெரியாமல்' போகும்.

பழைய பற்றரியைக் குப்பையோடு கூட்டி வளவு மூலையில் எரிக்காதீர்கள், கிணற்றடியிலும் புதைக்காதீர்கள். முனைகளை டேப்பால் மூடிப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். பெரும்பாலான கடைகள் செல்லுக்காக எடுத்துக்கொள்ளும், சிலர் கொஞ்சம் விலையும் குறைப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.